பிடிக்காத பூனைக்காகச் சண்டை பிடித்தவர்

மரண அறிவித்தல். ஸ்காபரோ பிளாசாக் கடையொன்றைப் பிறப்பிடமாகவும் விட்பியை வதிவிடமாகவும் கொண்ட, மூவர் அமரும் சாம்பல் நிறச் சோபா அவர்கள், இடது கையில் ஏற்பட்ட பிறாண்டற் காயங்கள் காரணமாக நேற்றுக் குப்பை வண்டியில் ஏறி எம்மை விட்டுப் பிரிந்தார். அன்னார் இருவர் அமரும் சோபாவின் பாசமிகு அண்ணரும், கண்ணாடி மேசையின் ஆருயிர்த் தோழரும், அப்பாவின் ஞாயிறு மத்தியான நித்திரையின் காவல் தெய்வமும் ஆவார். மலர்வளையங்களைத் தவிர்க்கவும். சந்தேகநபரான பூனை இன்னும் கைது செய்யப்படவில்லை.

இதை எழுதி, சோபாவின் படத்துக்கு மாலையும் போட்டு, ஒரு சனிக்கிழமை காலை குலம் அங்கிளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். வழக்கமாக அவருடைய பதில் குரலாகத்தான் வரும். முதலில் சிரிப்பு, பிறகு இருமல், பிறகு ஒரு திட்டு. அன்றைக்கு நீல நிறச் சரி அடையாளம் வந்தது, குரல் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து வந்த குரல் அவருடைய மகள் தர்சினி அக்காவுடையது.

"தம்பி, அப்பா விடியப்புறம் போயிட்டார். ஹார்ட் எண்டு சொல்லுகினம். உன்ர மெசேஜை நான்தான் திறந்தனான்." பிறகு மூக்கை உறிஞ்சுகிற சத்தம். "அவர் பார்த்திருந்தால் நல்லாச் சிரிச்சிருப்பார்."

என் அறிவித்தலை அழித்துவிட விரலை வைத்தேன். அழிக்கவில்லை. இப்போதும் அது என் போனில் அப்படியே கிடக்கிறது. மேலே ஒரு சோபாவுக்கு நான் விளையாட்டாக எழுதியது, கீழே நிஜமாகவே வந்தது.

முப்பத்தோராம் நாள் கையில் கொடுக்கிற இந்த நினைவு மலரில் எனக்கும் ஒரு பக்கம் தருவதாகத் தர்சினி அக்கா சொன்னபோது, சில பெரியவர்களுக்கு அது பிடிக்கவில்லை. தேவாரம் இருக்கும், வம்சாவளி இருக்கும், வெண்பா இருக்கும், அதற்குள் பூனைக்கதை எதற்கு என்று கேட்டார்கள். ஃபியூனரல் ஹோமில் கோப்பி மெஷினுக்குப் பக்கத்தில் நின்ற ஒருவர் எனக்குக் கேட்கும்படியாகவே சொன்னார்: "நல்ல மனிசன்தான். ஆனா கடைசியில பூனையின்ர நகத்துக்கெல்லாம் ஆக்களோட கொளுவிக்கொண்டு திரிஞ்சவர்."

ஓம், கொளுவினவர்தான். அதைத்தான் எழுதப்போகிறேன். மலரில் அவர் யாருக்கு மருமகன், யாருக்கு மைத்துனர் என்பதெல்லாம் இருக்கும். அவர் எதற்காகச் சண்டை பிடித்தார் என்பது இருக்காது. அதை யாராவது எழுதத்தானே வேண்டும்? தர்சினி அக்காவிடம், "அக்கா, ஆக்கள் கோவிப்பினம்" என்றேன். "கோவிக்கட்டும். அப்பாவைத் தெரிஞ்ச ஆக்களுக்குக் கோவிச்சுப் பழக்கம்தானே" என்றார்.

அவரைத் தெரியாதவர்கள் இதைப் படித்தால் அவர்களுக்காகச் சொல்கிறேன். குலம் அங்கிள் அப்பாவின் கூட்டாளி. இருவரும் கனடாவுக்கு வந்த புதிதில் ஸ்காபரோவில் கார் உதிரிப்பாகம் செய்கிற தொழிற்சாலை ஒன்றில் ஒரே ஷிஃப்டில் நின்றவர்கள். அங்கேதான் ஒரு பிரெஸ் மெஷின் அவருடைய வலது கையில் சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரல் மூன்றின் நுனிக் கணுவையும் எடுத்துக்கொண்டது. பிறகு அவர் வேறு வேலை பார்த்தார், வீடு வாங்கினார், மகளைப் படிப்பித்தார். ஆனால் ஒவ்வொரு சனிக்கிழமையும் எங்கள் வீட்டுக்கு வந்து முந்நூற்றிநாலு என்கிற சீட்டாட்டம் விளையாடுவதை மட்டும் அவர் விடவில்லை. அந்தக் கையால் கடுதாசிகளை விசிறி மாதிரிப் பிடிக்க முடியாது. அதற்காக ஒரு சப்பாத்துப் பிரஷ் கொண்டுவருவார். அதைக் கவிழ்த்து மேசையில் வைத்து, தும்புகளுக்கு நடுவே கடுதாசிகளைச் செருகிவிட்டு, ராசா மாதிரிச் சாய்ந்து இருப்பார்.

ஒருநாள் நான் அந்தப் பிரஷை ஒளித்துவிட்டு, அதே இடத்தில் ஒரு பல் தேய்க்கிற பிரஷை வைத்தேன். அவர் பார்த்தார். இரண்டு கடுதாசியை அதில் செருகினார், மிச்சத்தை மடியில் வைத்தார், அப்பாவை வென்றார். அடுத்த வாரம் கோயிலில் என்னைக் கண்டதும் வழக்கமில்லாத பாசத்தோடு கட்டிப்பிடித்து முதுகில் தட்டினார். நான் கோயில் உள்வீதி முழுக்கச் சுற்றிக் கும்பிட்டு, அன்னதான வரிசையிலும் நின்று, காருக்கு வந்த பிறகுதான் அம்மா என் முதுகிலிருந்து மரக்கறிக் கடை ஸ்டிக்கரை உரித்தார். 'இன்று மட்டும் அரை விலை.' அங்கிளுக்குப் போன் எடுத்துக் கத்தினேன். "பகிடி விடுறவன் முதுகையும் பார்த்துக்கொள்ளோணும், தம்பி" என்றார். அன்றிலிருந்து நாங்கள் சமவயதுக்காரர்கள் மாதிரி.

இனிப் பூனை. அதன் பெயர் பிறாண்டி. ஏன் அந்தப் பெயர் என்பதற்கு என் கைகளே சாட்சி. வீட்டுக்கு வந்த ஐயர் பூனையின் பெயரைக் கேட்டபோது, போத்தலில் வருகிற பிராண்டி என்று அவர் நினைத்துவிடுவாரோ என்ற பயத்தில், அம்மா "லட்சுமி" என்று சொல்லிவிட்டார். குலம் அங்கிளுக்கு அந்தப் பூனையைக் கண்ணில் காட்டக்கூடாது. அது அறைக்குள் வந்தாலே தும்முவார். "உந்த மீசைக்காரியைப் பிடிச்சு உள்ளுக்குள்ள விடு, அல்லது நான் போறன்" என்பார். ஒருதரம் அது மேசையில் ஏறி, அவருடைய பிரஷிலிருந்த துரும்புக் கடுதாசியை எல்லோருக்கும் தெரியத் தட்டிவிட்டது. அன்றைக்கு அவர் அதற்குச் சொன்ன வார்த்தைகளை இந்த மலரில் போட முடியாது. அவர் ஒருநாளும் அதைத் தடவியதில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். செத்தவரைப் பெரிய ஜீவகாருண்யர் ஆக்குகிற வேலை எனக்கு வேண்டாம்.

போன வருடம் நாங்கள் ஸ்காபரோவிலிருந்து விட்பிக்கு வீடு மாறினோம். "விட்பியில என்ன கிடக்கு? காத்தும் மோர்ட்கேஜும்" என்று திட்டிக்கொண்டே அங்கிள் சனிக்கிழமைகளில் காரோடி வந்தார். புது வீட்டுக்கு அம்மா ஒரு சோபா வாங்கினார், அம்மாவின் வாயில் அது செற்றி. அம்மாவின் பக்கத்தையும் சொல்லவேண்டும். எங்கள் வீட்டில் அதற்கு முன் இருந்த செற்றி, கட்டில், மேசை எல்லாமே யாரோ ஒருவர் வீடு மாறும்போது தந்தவை. கடையில் போய், இருந்து பார்த்து, நிறம் தெரிந்து அம்மா வாங்கிய முதல் சாமான் அதுதான். பால் காய்ச்சுகிற நாளுக்குள் அதன் இடது கையில் பிறாண்டி தன் கையெழுத்தைப் போட்டுவிட்டது. பால் காய்ச்சலுக்கு வந்த பெரியம்மா அந்தக் கையைத் தடவிப் பார்த்தார்.

"எடியே, உதுக்கேன் மண்டையை உடைக்கிறாய்? நகத்தை எடுத்துவிட்டால் சரி. ஒரேயடியா அலுவல் முடிஞ்சுது."

பல மிருக வைத்தியர்கள் அதை இப்போது செய்வதில்லை. பெரியம்மா விடுவாரா? ஒஷாவாப் பக்கம் செய்கிற ஒருவரைத் தேடிப் பிடித்துத் தந்தார். அம்மா அடுத்த வியாழக்கிழமைக்கு அப்பொயின்ட்மென்ட் எடுத்தார். அம்மா, அப்பா, நான் மூவருமே நினைத்தது ஒன்றுதான்: நகம்தானே, ஆழமாக வெட்டுவார்கள், அவ்வளவுதான். "பிறாண்டிக்கு மனிக்கியூர்" என்று நான் பகிடி விட்டுக்கொண்டு திரிந்தேன்.

இடையில் வந்த சனிக்கிழமை, வழக்கமாக விளையாட வருகிற அப்பாவின் மற்ற இரண்டு கூட்டாளிகளும் வரவில்லை. நாலு கை வேண்டும், ஆள் காணாது என்று பெரியம்மாவும் நானும் மேசையில் இருந்தோம். அப்பா கடுதாசியைப் பகிர்ந்தபடியே பூனையின் விசயத்தைச் சொன்னார்.

"வாற வியாழன் உதின்ர நகத்தை எடுக்கினம், குலம். இனி உனக்கும் பயமில்லை."

"நகத்தை எப்பிடி எடுக்கிறது? திரும்ப வளருமே" என்றார் அங்கிள்.

"வளராத மாதிரி எடுப்பினமாம்."

"வளராத மாதிரியெண்டால் எங்கை வெட்டுவினம்?"

யாருக்கும் தெரியவில்லை. நான் போனை எடுத்துத் தேடினேன். பகிடியாகத்தான் படிக்கத் தொடங்கினேன், பாதியில் பகிடியை விட்டுவிட்டேன். பூனையின் நகம் நம்முடையது போல் தோலிலிருந்து முளைப்பதில்லை, நுனி எலும்பிலிருந்து முளைக்கிறது. அதனால் வளராமல் செய்வதென்றால் அந்த எலும்பையே மூட்டோடு எடுக்கவேண்டும். முன்னங்கால் விரல்கள் அத்தனையிலும். பிறகு சில பூனைகளுக்கு மண் பெட்டிக்குள் கால் வைத்தாலே நோகும், அதனால் வேறு இடங்களில் போகத் தொடங்கும். பொரித்த ரோல்ஸ் தட்டோடு வந்து நின்ற அம்மாவின் பார்வை சோபாவிலிருந்து கார்ப்பெட்டுக்குப் போய்த் திரும்பியது.

அங்கிள் பிரஷைத் தள்ளிவைத்தார். தன் வலது கையை மேசைக்கு நடுவில், விளக்குக்குக் கீழே, விரித்து வைத்தார். அதுவரை அந்தக் கையை நாங்கள் எல்லோரும் பார்க்காத மாதிரிப் பார்த்துப் பழகியிருந்தோம். அவர் அதை எங்களுக்குக் காட்டியதே இல்லை.

"இஞ்சை பார். இதைத்தான் செய்யப்போறியள்."

"சும்மா இருங்கோ குலம்" என்றார் பெரியம்மா. "அது மெஷின். இது ஆஸ்பத்திரி. மயக்கமருந்து குடுத்துத்தானே செய்யினம். அதுக்கொண்டும் தெரியாது."

"எனக்கும் மயக்கமருந்து குடுத்துத்தான் தைச்சவை, அக்கா. மயக்கம் தெளிஞ்சாப் பிறகுதான் நான் விரலைத் தேடினனான்."

"இப்ப நல்லாத்தானே இருக்கிறியள்?"

"ஓம், நல்லா இருக்கிறன். சேட்டுப் பொத்தானை மனிசி பூட்டிவிடுறா. சப்பாத்து லேஸ் இல்லாததாப் பார்த்து வாங்கிறன். உதுக்கு ஆர் பூட்டிவிடுறது? அக்கா, இண்டைக்கும் ஸ்னோ கொட்டினால் எனக்கு முதல்ல நோகிறது எது தெரியுமோ? இல்லாத நுனி."

பெரியம்மா லேசில் தோற்கிறவர் அல்ல. "ஊரில சனத்துக்குக் கை போச்சு, கால் போச்சு. கேக்க ஒரு நாதியில்லை. இஞ்சை வந்து நீங்கள் பூனைக்கு நியாயம் கதைக்கிறியள்."

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். இதற்கு மேல் யாரும் வாய் திறக்கமாட்டார்கள் என்று எங்கள் வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். அங்கிள் திறந்தார்.

"ஊரில போனதுக்கும் நான் அழுதிருக்கிறன். அதுக்காக இஞ்சை வெட்ட விடோணுமோ? நோவெண்டால் என்ன, பாஸ்போட் கந்தோரே, நம்பர் எடுத்து வரிசையில நிக்கிறதுக்கு?"

பிறகு ஒரு கடுதாசியை உருவி மேசையில் தட்டையாக வைத்தார். ஒரு ராணி. "எல்லாரும் விரல் நுனியளை மடக்குங்கோ. பெருவிரலையும்தான். உந்தக் கடுதாசியை எடுங்கோ பாப்பம்."

அப்பா எடுக்கப் பார்த்தார், அது வழுக்கி ஓடியது. நான் பார்த்தேன், முடியவில்லை. பெரியம்மா, "எனக்கென்ன விசரோ?" என்று கையைக் கட்டிக்கொண்டார். அம்மா ரோல்ஸ் தட்டைக் கீழே வைத்தார். விரல்களை மடக்கினார். ஒருதரம், இன்னொருதரம். முழங்கால் போடாத குறையாகக் குனிந்து, மடக்கிய விரல்களால் அந்த ராணியை மேசை முழுக்கத் துரத்தினார். கடைசியில் நிமிர்ந்து, தன் கைகளைச் சேலையில் துடைத்துக்கொண்டு கேட்டார்:

"அண்ணை, அப்ப என்ர செற்றி?"

அந்தக் கேள்வியில் இருந்த துக்கம் உண்மையானது. அங்கிளுக்கும் அது தெரிந்தது. குரலைத் தணித்தார்.

"செற்றி பாவம்தான், தங்கச்சி. இல்லையெண்டு நான் சொல்லேல்லை. கிழமைக்கொருக்கா நகத்தை வெட்டு. பூனையை ஏசு. செற்றிக்குப் பழைய சீலை கட்டிவிடு. அறையைச் சாத்து. எல்லாம் செய். விரலைத் தொடாதை."

"உங்களுக்குத்தான் உதைப் பிடிக்காதே" என்றேன் நான்.

"ஓமடா, பிடிக்காது. சனியன். பிடிக்காததுக்கும் விரல் இருக்கோணும்."

அந்த நேரம் பார்த்துப் பிறாண்டி உள்ளே வந்தது. அவர் தும்மினார். எழும்பி, கோட்டைப் போட்டார், பொத்தான் பூட்டவில்லை. வாசலில் நின்று அப்பாவைப் பார்த்து, "உதின்ர விரல் போனால் இனிச் சனிக்கிழமையளில நான் இஞ்சை வரமாட்டன். சொல்லிப்போட்டன்" என்றார். அம்மா குசினிக்குள் போய்விட்டார். தொழிற்சாலைக் காலத்திலிருந்து விடாமல் வந்த ஒரு சிநேகம் ஒரு பூனையின் பாதத்தில் வந்து நின்றது. அன்றைக்கு அப்பா இரண்டு ரோல்ஸ்கூடச் சாப்பிடவில்லை.

இந்த இடத்தில்தான் நான் வருகிறேன். திங்கட்கிழமை பள்ளிக்கூட மத்தியான இடைவேளையில், படிக்கட்டுக்குக் கீழே நின்று, அந்தக் கிளினிக்குக்குப் போன் எடுத்தேன். அம்மாவின் குரலில். அம்மாவின் ஆங்கிலத்தை என்னைவிட நன்றாகப் பேசக்கூடியவர் அம்மாகூட இல்லை. "ஹலோ, குட் மோர்னிங்" என்று மத்தியானத்தில் தொடங்கி, நடுவில் ஒரு இருமலும் வைத்து, அப்பொயின்ட்மென்டை அடியோடு கான்சல் செய்தேன். வியாழக்கிழமை வந்தது, போனது. பூனையின் கூட்டை யாரும் காரில் ஏற்றவில்லை. சனிக்கிழமை வந்த அங்கிளைக் கார்ப் பாதையிலேயே மறித்துக் கதையைச் சொன்னேன். அவர் காரில் சாய்ந்துகொண்டு சிரித்தார். "எட கள்ளா! கொம்மா மாதிரியே கதைச்சனி? ஒருக்காச் செய்து காட்டு." செய்து காட்டினேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்து, பிரஷை வைத்து, கடுதாசியைச் செருகினார்.

அன்றைக்குத் தன் காரிலிருந்து ஒரு மரத்தூணும் கொண்டுவந்து இறக்கினார். பழைய கார்ப்பெட் துண்டைச் சுற்றி அந்தக் கையாலேயே ஆணி அடித்தது. பிறாண்டி அதைச் சுற்றி வந்து மணந்து பார்த்தது. பிறகு போய்ச் சோபாவைப் பிறாண்டியது. "நன்றி கெட்டது" என்று தும்மினார். அதற்குப் பிறகும் அவர் அதைத் தடவவில்லை. தூண் இன்னும் புதிதாகவே இருக்கிறது. சோபாவுக்கு அம்மா கட்டிய சீலை கிழிந்து, அதன் மேல் கட்டிய இன்னொன்றும் கிழிந்து, கடைசியில் அது குப்பை வண்டியில் ஏறிய கதையை மேலே சொல்லிவிட்டேன்.

ஆகவே, கோப்பி மெஷினுக்குப் பக்கத்தில் நின்றவருக்கும், பூனைக்கதை எதற்கு என்று கேட்ட மற்றவர்களுக்கும் நான் சொல்வது இதுதான். பூனையின் நகத்தை எடுப்பது என்பது நகத்தை எடுப்பது அல்ல. விரலை வெட்டுவது. ஒரு சோபாவுக்காக அதைச் செய்வது கொடுமை. 'எங்கள் வீடு, எங்கள் பூனை' என்பீர்கள். தொழிற்சாலையும் யாரோ ஒருவருடையதுதான், மெஷினும் அவர்களுடையதுதான். விரல் குலம் அங்கிளுடையது. எங்கள் ஆட்களுக்கு இருந்த பெரிய நோவுகளுக்கு முன்னால் இது சின்னது என்பீர்கள். சின்னதுதான். சின்னதென்றபடியால்தான் அதை நிறுத்த எங்களால் முடிந்தது. பெரியதை நிறுத்த யார் எங்களைக் கேட்டார்கள்? பெரியம்மாவுக்கும் சொல்கிறேன், கோவிக்கவேண்டாம்: நீங்கள் செத்தவீட்டில் எல்லோரையும்விடக் கூட அழுதீர்கள். அவரோடு விடாமல் சண்டை பிடித்தவர் நீங்கள்தான், அழவும் உங்களுக்கு உரிமை இருக்கிறது. ஆனால் அந்தக் கடுதாசியை நீங்கள் இன்னும் எடுத்துப் பார்க்கவில்லை.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு தொந்தரவான பழக்கம். என் வகுப்பில் எனக்குக் கொஞ்சமும் பிடிக்காத ஒருவன் இருக்கிறான். பெயர் சொல்லமாட்டேன். போன மாதம் அவனுடைய அப்பா பள்ளிக்கூடத்துக்கு வந்து பேசிய ஆங்கிலத்தை நாலைந்து பேர் சேர்ந்து பழித்துக் காட்டினார்கள். நன்றாகத்தான் செய்தார்கள், குரல் போடுவதில் எனக்கு ரசனை உண்டு. ஆனாலும் வாயைத் திறந்துவிட்டேன். "விடுங்கோடா." அவன் எனக்கு நன்றி சொல்லவில்லை. எனக்கு இப்போதும் அவனைப் பிடிக்கவில்லை. குலம் அங்கிள் எனக்குத் தந்துவிட்டுப் போனது இதுதான்.

இதோடு முடித்துத் தர்சினி அக்காவுக்கு அனுப்பியிருக்கவேண்டும். நேற்று அம்மாவுக்கு வாசித்துக் காட்டியதுதான் பிழை. திங்கட்கிழமைப் போன் வந்த இடத்தில் அம்மா சிரிக்கத் தொடங்கினார், நிறுத்தவில்லை. சரி, சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு நான் போன் எடுத்தபோது, அந்தப் பக்கத்துப் பெண் மிகவும் மரியாதையாகச் சொன்னாள்: "அதை நீங்கள் சனிக்கிழமை பின்னேரமே கான்சல் பண்ணிவிட்டீர்களே, மேடம்?" ராணியைத் துரத்திய கையோடு, குசினிக்குள் போய் நின்று, அம்மா தானே போன் எடுத்திருக்கிறார். அது எனக்கு அப்போதே தெரியும். யாருக்கும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

எனக்குத் தெரியாமல் இருந்தது வேறொன்று. "அடுத்ததா நான் குலம் அண்ணைக்குத்தானே எடுத்தனான்" என்றார் அம்மா. "நீ அவருக்கு விட்ட புளுகையும் அவர் அண்டைக்கே எனக்குச் சொல்லிப்போட்டார். 'பெடியனைக் குழப்பிப்போடாதை தங்கச்சி, உன்னை நல்லாச் செய்யிறான்' எண்டவர்."

அதற்குப் பிறகு எத்தனையோ சனிக்கிழமைகளில் அவர் என்னைக் கூப்பிட்டு, "ஒருக்காச் செய்து காட்டு" என்று கேட்டிருக்கிறார். நானும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு செய்து காட்டியிருக்கிறேன். அந்தப் போனில் அம்மாவின் குரலில் நான் உண்மையில் சொன்னது மொத்தமும் இதுதான்: "ஓ, சொறி, ஐ ஃபொர்கெட்."